ரொட்டிக்காரர் வீட்டில் ரொட்டி இல்லாத விருந்து

கறிக்கடையில் அவளுக்குக் கத்தியக்கா என்று பெயர். கையில் இருக்கும் கத்திக்காக வைத்த பெயர் என்று வைத்தவர்கள் சொல்லிக்கொள்வார்கள். அவள் வாயில் ஒருமுறையாவது மாட்டியவர்கள் வேறு மாதிரி சொல்வார்கள். இரண்டிலும் அவளுக்கு வருத்தமில்லை.

அந்தக் கடையில் அவள் கல்லாவில் உட்காரத்தான் சேர்ந்தாள். வெட்டுகிற ஆள் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் வராமல் போய்விட்டான். வரிசை வாசலைத் தாண்டி நிற்கிறது, முதலாளி தலையைச் சொறிந்துகொண்டு நிற்கிறார். "தள்ளுங்க, நான் பாக்கறேன்" என்று ஏப்ரனை எடுத்து மாட்டிக்கொண்டாள். அன்றைக்கு அவள் வெட்டிய துண்டுகள் அழகாக இருந்தன என்று சொன்னால் அது பச்சைப் பொய். கோணல்மாணலாக, ஒன்று தடியாக ஒன்று மெலிசாக இருந்தன. ஆனால் வரிசை நகர்ந்தது. மறுநாள் அந்த ஆள் திரும்பி வந்தபோது கத்தியைக் கேட்டான். அவள் கல்லாப் பக்கம் கையைக் காட்டி, "அந்த நாற்காலி காலியாத்தான் இருக்கு, போய் உக்காருங்க" என்றாள். அவனும் போய் உட்கார்ந்தான். இன்றைக்கும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறான், சந்தோஷமாகத்தான் இருக்கிறான்.

அதே தெருவின் மறுகோடியில் ஒரு ரொட்டிக்கடை. அதை நடத்தியவர் தினமும் மதியம் கறிக்கடைக்கு வருவார். ஓர் ஆளுக்கு வேண்டிய கறியை வாங்கிக்கொண்டு, மூன்று ஆளுக்கு வேண்டிய நேரம் நிற்பார். கையில் காகிதத்தில் சுற்றிய ரொட்டி ஒன்று இருக்கும். "மிஞ்சிப் போச்சு" என்று சொல்லிக் கொடுப்பார். மிஞ்சிய ரொட்டி எப்படி அவ்வளவு சூடாக இருக்கும் என்று அவள் கேட்கவே இல்லை. அவள் எதையாவது கேட்காமல் விட்டது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான் என்று கடையில் இன்னும் கிண்டல் செய்வார்கள். இருவருக்கும் கல்யாணம் முடிந்து, ஒரு மகள் பிறந்து, அவளும் வளர்ந்து ஒரு பார்லரில் முடி வெட்டும் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். அம்மா கறி வெட்டுகிறாள், மகள் முடி வெட்டுகிறாள், நான்தான் இந்த வீட்டில் எதையும் வெட்டாத ஆள் என்று ரொட்டிக்காரர் சொல்வார். "நல்லா வெட்டறீங்க, சாப்பாட்ட" என்பாள் கத்தியக்கா.

இந்தப் பேச்சு ஒருநாள் சிரிப்பாக இல்லாமல் போயிற்று. அன்று டாக்டர், ரொட்டிக்காரரின் ரத்தச் சோதனை முடிவைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"சர்க்கரை ரொம்ப ஏறியிருக்கு. ரொட்டி, உருளைக்கிழங்கு, இனிப்பு, மாவுச் சாமான் எல்லாத்தையும் நல்லா குறைக்கணும். அடுத்த தடவையும் இப்படியே இருந்தா மாத்திரையோட நிக்காது, ஊசிதான். காலையும் கண்ணையும் பத்திரமா பாத்துக்கங்க" என்றார்.

கால் என்ற சொல் மட்டும்தான் கத்தியக்காவின் காதில் நின்றது. ரொட்டிக்காரரின் அண்ணனுக்கு இடது பாதம் இல்லை. இதே சர்க்கரைதான். முதலில் ஒரு கொப்புளம், பிறகு ஒரு விரல், பிறகு பாதம் என்று போனதை வீடே பார்த்துக்கொண்டிருந்தது. மகள் அவரைப் பெரியப்பா என்று கூப்பிடுவதால் வீட்டில் எல்லோருக்கும் அவர் பெரியப்பாதான். கட்டைக்கால் மாட்டிக்கொண்டு, கைத்தடியோடு, எந்த நேரமும் ஏதாவது வேடிக்கை பேசிக்கொண்டு வருவார். அவர் வேடிக்கை பேசும்போதெல்லாம் இவளுக்குச் சிரிப்பு பாதியில் நின்றுவிடும். கட்டிக்கொண்டவனும் இப்படி வந்து நின்றால் நான் என்ன செய்வேன் என்று நினைப்பாள்.

ரொட்டிக்காரரோ டாக்டர் சொன்னதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. மாத்திரையை மட்டும் ஒழுங்காக விழுங்கினார். இரவுச் சாப்பாட்டில் காய்கறி வைத்தால் தட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு ரொட்டிக்கூடை எங்கே என்று கேட்பார். கூடையை ஒளித்து வைத்தால் கடைக்குப் போய் எடுத்துக்கொண்டு வருவார். கடையே அவருடையது, யார் தடுப்பது?

"ரொட்டி இல்லாம சாப்பிட்டா சாப்பிட்ட மாதிரியே இல்லம்மா" என்றார் ஒருநாள், தட்டைத் தள்ளியபடி. "இந்த இலை தழையெல்லாம் ஆட்டுக்குப் போடு. வயித்துல ஒரு மூலைக்குக் கூட காணாது."

கத்தியக்கா கரண்டியை வைத்தாள். "ஒரே ஒரு வேளை. ஞாயித்துக்கிழமை நான் சமைக்கறேன். ரொட்டி கிடையாது, உருளைக்கிழங்கு கிடையாது, குழம்புல ஒரு சிட்டிகை மாவு கிடையாது. சாப்பிட்டு முடிச்சதும் 'வயிறு நிறைஞ்சுது'ன்னு உங்க வாயால நீங்களே சொல்லணும். சொல்லிட்டா அதுக்கப்புறம் டாக்டர் சொன்னபடிதான் சாப்பாடு. முணுமுணுக்கக் கூடாது."

"சொல்லலன்னா?"

"சொல்லலன்னா இந்தப் பேச்ச இனிமே இந்த வீட்ல நான் எடுக்க மாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

மகள் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். அம்மா ஒரு விஷயத்தை இனிமேல் பேசமாட்டேன் என்று சொல்வதை அவள் கேட்டதே இல்லை. "பெரியப்பாவ நடுவரா கூப்பிடலாம்" என்று மட்டும் சொன்னாள். ரொட்டிக்காரர் உற்சாகமாகத் தலையாட்டினார். தான் ஏற்கெனவே ஜெயித்துவிட்டது போல அவர் முகம் இருந்தது.

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டோமோ என்று கத்தியக்கா அன்று படுக்கும்போது யோசித்தாள். காலையில் எழுந்ததும் அந்த யோசனை போய்விட்டது. கறி விஷயத்தில் தோற்கிற ஆளா அவள்?

வெள்ளிக்கிழமையே பன்றியின் தோள்பட்டைத் துண்டு ஒன்றைத் தனக்கென்று எடுத்து வைத்தாள். தோலோடு, நல்ல கொழுப்போடு, எலும்பு எடுத்தது. கல்லாக்காரன் எட்டிப் பார்த்து, "இத யாருக்கு வெச்சிருக்கீங்க, ராஜாவுக்கா?" என்றான். "ஆமா, முரட்டு ராஜா ஒருத்தர் வீட்ல இருக்காரு" என்றாள்.

சனிக்கிழமை மாலை வீட்டுக்கு வந்ததும் தோலில் நெருக்கமாகக் கோடு கிழித்தாள். கோடு கொழுப்பு வரைதான் போக வேண்டும், கறியைத் தொடக்கூடாது. தொட்டால் சாறு மேலே பொங்கி வந்து தோலை நமுத்துப்போகச் செய்யும். கோடுகளுக்குள் உப்பை அழுத்தித் தேய்த்தாள். கறியைத் திருப்பிப் போட்டு, நசுக்கிய பூண்டு, இடித்த மிளகு, எலுமிச்சைத் தோல் துருவல், ஜன்னலோரத் தகர டப்பாக்களில் அவளே வளர்க்கும் ரோஸ்மேரி, தைம், சேஜ் இலைகள் எல்லாவற்றையும் பொடியாக நறுக்கி எண்ணெயில் குழைத்து உள்பக்கம் பூசினாள். தோலுக்கு மட்டும் எதுவும் பூசவில்லை. மூடாமல் அப்படியே ஃபிரிட்ஜுக்குள் வைத்தாள். மறுநாள் வரைக்கும் அந்தத் தோல் காய வேண்டும். ஈரத் தோலை எந்த ஓவனில் வைத்தாலும் ரப்பர்தான் வரும். காய்ந்த தோல்தான் பொரிந்து மொறுமொறுவென்று எழும். ரொட்டியைக் கடிக்கும்போது வருகிற அந்த மொறுமொறுப்புக்குப் பதில் சொல்ல அவளிடம் இருந்தது அந்தத் தோல் ஒன்றுதான். அதனால் அதைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்தாள்.

ஃபிரிட்ஜின் மேல் ஒரு சீட்டு ஒட்டினாள்: "தொட்டால் கை இருக்காது." கத்தி வைத்திருக்கும் பெண் எழுதியது என்பதால் யாரும் தொடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கறியை வெளியே எடுத்தாள். தோல் காகிதம் போலக் காய்ந்து விறைத்திருந்தது. விரலால் தட்டிப் பார்த்தாள், டக் டக்கென்று சத்தம். மனசுக்குள் ஒரு துள்ளல். அதைத் தட்டில் வைத்துவிட்டு, மேடையைத் துடைத்துச் சுத்தமாக்கினாள். ஓவனைச் சூடாக்கப் போட்டுவிட்டு, பெரிய தட்டு எங்கே என்று மகளைக் கேட்க அந்தப்பக்கம் போனாள். அவ்வளவுதான், ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

திரும்பி வந்தால், ரொட்டிக்காரர் சமையல் மேடையில் நிற்கிறார்.

நல்ல மனுஷன், உதவி செய்யத்தான் வந்திருக்கிறார். தட்டில் இருந்த கறியை மேடைக்கு மாற்றி நூலால் கட்டித் தரலாம் என்று நினைத்திருக்கிறார். ஆனால் அவர் கை என்ன செய்தது தெரியுமா? எந்தப் பொருளையும் வெறும் மேடையில் வைத்துப் பழக்கமில்லாத கை அது. அலமாரியைத் திறந்து, டப்பாவுக்குள் நுழைந்து, ஒரு பிடி மாவை எடுத்து மேடையில் வீசிவிட்டது. வீசியதோடு விட்டதா? கறியைத் தூக்கி அந்த மாவில் தோல் கீழே படும்படி வைத்து, மேலே இன்னொரு தூவல் தூவி, பிசைகிற மாதிரி ஓர் அழுத்தும் அழுத்திவிட்டது.

கத்தியக்கா இரண்டே எட்டில் மேடைக்கு வந்தாள்.

"கைய எடுங்க."

அவர் கையை எடுத்தார். கையைப் பார்த்தார். மாவைப் பார்த்தார். அவருடைய முகம் போன போக்கைப் பார்த்தால் எந்தப் பெண்ணுக்கும் சிரிப்பு வந்திருக்கும், அவளுக்கு வரவில்லை.

"வேணும்னே பண்ணீங்களா? தோத்துருவோம்னு பயந்து மாவப் போட்டீங்களா?"

"ஐயோ, இல்லம்மா. சத்தியமா இல்ல. எப்ப எடுத்தேன்னே தெரியல. கை அதுவா போட்டுடுச்சு."

"கை அதுவா போடுமா? உங்க கை என்ன வாடகைக்கு வாங்கினதா?"

அவளுக்கு அவர் பொய் சொல்லவில்லை என்று தெரியும். அதனால் கோபம் குறைந்துவிட்டதா என்றால், இல்லை. அவர் மணிக்கட்டைப் பிடித்து மேடையிலிருந்து நகர்த்தி, நாற்காலியில் உட்காரவைத்து, "இங்கேருந்து எழுந்திரிச்சீங்கன்னா பாருங்க" என்றாள். அவர் உட்கார்ந்தார். வேலை முடியும்வரை தன் உள்ளங்கைகளை விரித்து அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தோலைக் கழுவினால் மாவு போகும், ஆனால் ஒரு முழு ராத்திரி காயவைத்ததும் அதோடு போகும். கழுவாமல் விட்டால் மாவு கருகும், அதோடு 'ஒரு சிட்டிகை மாவு கிடையாது' என்று அவளே சொன்ன சொல்லும் பறக்கும். மகள் வாசலில் நின்று, "அம்மா, மெதுவா அடுத்த ஞாயித்துக்கிழமைக்குத் தள்ளிடலாமா?" என்றாள்.

"எதுக்குத் தள்ளணும்? கடையில தெனமும் எத்தன கறியத் துடைக்கறேன். உன் ஹேர் டிரையர எடுத்துட்டு வா."

"எதுக்கு?"

"கேள்வி அப்புறம். பார்லர்ல வெச்சிருக்கற மாதிரி பெருசு ஒண்ணு வீட்ல கிடக்குமே, அதக் கொண்டா."

முதலில் காய்ந்த துணியால் தட்டித் தட்டி மாவை உதிர்த்தாள். ஒட்டிக்கொண்டிருந்ததைக் கத்தியின் முதுகால் சுரண்டி எடுத்தாள். கோடுகளுக்குள் போனதை வினிகரில் நனைத்துப் பிழிந்த துணியின் நுனியால் ஒவ்வொரு கோடாகத் துடைத்தாள். உள்பக்கம் பூசிய தழையை மாவோடு வழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக அரைத்துப் பூசினாள். பிறகு மகள் ஹேர் டிரையரைப் பிடிக்க, பன்றித்தோலுக்கு ஒப்பனை நடந்தது.

"இந்த வாடிக்கையாளருக்கு முடியே இல்லம்மா" என்றாள் மகள்.

"அதுக்கென்ன. நல்லா கிட்டக் காட்டு."

நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரும் சிரித்துவிட்டார். அவளுக்கும் அப்போதுதான் சிரிப்பு வந்தது. தோல் மறுபடி டக்கென்று சொல்லும்வரை விடவில்லை. புது உப்பைத் தேய்த்து, ஓவனை இருப்பதிலேயே உச்சச் சூட்டில் வைத்து உள்ளே தள்ளினாள். தோல் கொப்புளித்துப் பொரிந்து எழும்பியதும் சூட்டைக் குறைத்தாள். இனிமேல் கறி தன் பாட்டுக்கு மெதுவாக வெந்துகொள்ளும்.

அதற்குள் மற்ற வேலை. காலிஃபிளவரை வேகவைத்துத் தண்ணீரை ஒட்டப் பிழிந்து, வெண்ணெயும் பாலாடையும் மிளகும் சேர்த்து மசித்தாள். உருளைக்கிழங்கு மசியலுக்கு அண்ணன் தம்பி என்று சொல்லலாம், பார்த்தால் தெரியாது. முட்டைக்கோஸைக் கனமான துண்டுகளாக வெட்டி, கறியிலிருந்து வழிந்த கொழுப்பை ஊற்றி ஓவனின் கீழ்த்தட்டில் வைத்தாள். ஓரங்கள் கருஞ்சிவப்பாகும்வரை எடுக்கவில்லை. காளானை ரோஸ்மேரியோடு வதக்கினாள். கறியை வெளியே எடுத்து ஓய்வெடுக்க வைத்துவிட்டு, தட்டில் தங்கிய சாற்றை அடுப்பில் வைத்து, கொஞ்சம் கடுகு விழுது கலந்து, பாதியாகச் சுண்டவிட்டுக் கடைசியில் ஒரு துண்டு வெண்ணெயை இறக்கினாள். மாவு இல்லாமலே குழம்பு பளபளவென்று கரண்டியைப் பற்றிக்கொண்டது.

ரொட்டிக்காரர் விடியுமுன் எழுகிறவர் என்பதால் அந்த வீட்டில் இரவுச் சாப்பாட்டை வெளிச்சம் இருக்கும்போதே முடித்துவிடுவார்கள். பெரியப்பா கைத்தடியைக் கதவோரம் சாத்திவிட்டு மேசையின் தலைப்பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நடுவர் யார் பக்கமும் சாய மாட்டார். சாய்ஞ்சா விழுந்துருவார், ஒரு கால்தான் சொந்தம்" என்றார்.

கத்தியக்கா கறியை வெட்டினாள். தோலில் கத்தி இறங்கியபோது எழுந்த சத்தம் பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும். ரொட்டிக்காரரின் காது அந்தச் சத்தத்துக்கு நிமிர்ந்தது. வாழ்நாள் முழுக்க அவர் அதைத்தான் கேட்டு வருகிறார், ரொட்டியில். முதல் துண்டை வாயில் போட்டார். இரண்டாவதை எடுத்தார். முட்டைக்கோஸைக் குழம்பில் புரட்டி எடுத்தார். மசியலைச் சந்தேகமாக ஒரு கரண்டி வாங்கினார், அப்புறம் சந்தேகமில்லாமல் மூன்று கரண்டி. சும்மா சொல்லக்கூடாது, மனுஷன் ஒரு கட்டு கட்டினார். மகள் அம்மாவைப் பார்த்துக் கண்ணடித்தாள். பெரியப்பா தம்பியின் தட்டையே பார்த்துக்கொண்டு, "நான் தீர்ப்பு எழுதிட்டேன், அவன் படிச்சாப் போதும்" என்றார்.

ரொட்டிக்காரர் நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். "வயிறு நிறைஞ்சுது" என்றார்.

கத்தியக்கா எழுந்து ஆடியிருப்பாள். பெருமையில் அவளுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. ஆனால் அவர் முகத்தில் தோற்றவனின் முகமும் இல்லை, சாப்பிட்டவனின் முகமும் இல்லை. கைகளை மேசைமேல் வைத்து மறுபடி அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ ஜெயிச்சிட்ட. ஆனா இது பிரயோஜனம் இல்ல" என்றார்.

"என்னது?"

"மதியம் என் கை அதுவா மாவு போட்டுச்சுல்ல. அப்பலேருந்து யோசிச்சிட்டு இருக்கேன். இந்தக் கை வேற என்னல்லாம் அதுவா செய்யுதுன்னு." அவர் விரல்களை மடக்கினார். "காலையில ஓவன்லேருந்து ஒவ்வொரு தட்டும் வெளிய வரும்போது ஒண்ண உடைச்சு வாயில போட்டுப் பாப்பேன். உப்பு, வேக்காடு பாக்க. வெள்ளை ரொட்டி, பழுப்பு ரொட்டி, பன்னு, இனிப்பு பன்னு. சூடா இருக்கும். உடைச்சத வைக்க மனசு வராது."

"ஒரு கடி கடிப்பீங்க, அவ்வளவுதானே?" என்றாள் மகள்.

"முழுசாத்தான் போகும்."

மகள் கரண்டியைத் தட்டில் வைத்தாள்.

"டாக்டர் காலையில என்ன சாப்பிடறீங்கன்னு கேட்டப்ப, டீ மட்டும்னு சொன்னீங்க" என்றாள் கத்தியக்கா.

"பொய் சொல்லலம்மா. அத நான் சாப்பாடுன்னு நினைச்சதே இல்ல. வேலைன்னுதான் நினைச்சேன்."

அப்போது கத்தியக்காவுக்கு வந்தது கோபம் இல்லை, பயம். இத்தனை நாளும் இரவுத் தட்டோடு மல்லுக்கு நின்றிருக்கிறாள். ரொட்டிக்கூடையை ஒளித்திருக்கிறாள். சத்தம் போட்டிருக்கிறாள். ஆனால் அவள் தூங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில், தெருவின் மறுகோடியில், அவர் தட்டுத் தட்டாகத் தின்றுகொண்டிருந்திருக்கிறார், தின்கிறோம் என்றே தெரியாமல்.

பெரியப்பா இந்த ஒரு தடவை வேடிக்கை எதுவும் பேசவில்லை. "தம்பி, எனக்கும் இப்படித்தான். நான் என்ன தின்னேன்னு டாக்டர் கேட்டப்ப எனக்கு ஞாபகமே வரல" என்றார்.

"உடைச்சுப் பாருங்க, சாப்பிடாதீங்க" என்றாள் மகள்.

"வாயில போடாம உப்பு எப்படித் தெரியும்? என் வாய் பாக்காத ரொட்டி கடைய விட்டு வெளிய போனதில்ல. கல்லாவுல உக்கார்ற அம்மா விடிஞ்சப்புறம்தான் வரும், அதுவரைக்கும் அங்க வேற ஆளும் இல்ல." சொல்லும்போது அவர் குரல் உயர்ந்தது. அங்கேதான் அவருடைய பிடிவாதத்தின் வேர் இருந்தது என்று கத்தியக்காவுக்குப் புரிந்தது. ரொட்டியை விடு என்று சொன்னால் அவர் காதில் விழுவது, உன் வேலையைக் கண்ணைக் கட்டிக்கொண்டு செய் என்பதுதான். அதற்கு எந்த மனுஷன் சம்மதிப்பான்? அவளிடம் கத்தியைத் தொடாமல் கறி வெட்டு என்று யாராவது சொன்னால் அவள் சும்மா இருப்பாளா?

"நான் வர்றேன்" என்றாள்.

"எங்க?"

"உங்க கடைக்கு. காலையில தட்டு வெளிய வர்ற நேரத்துக்கு. உடைக்கறத நீங்க உடைங்க, வாயில போடறது நான்."

"உனக்கு ரொட்டி தெரியுமா?"

"உப்பு தெரியும். கடையில சாசேஜுக்கு உப்பு யார் பாக்கறது? உங்க தாத்தாவா?"

அவர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அந்தப் பதிலை வைத்துக்கொண்டுதான் அவள் படுக்கப் போனாள். தோலின் மொறுமொறுப்பையும் மசியலையும் மகள் மெச்சிக்கொண்டே பாத்திரம் கழுவினாள். கத்தியக்காவின் காதில் எதுவும் விழவில்லை. ஒரு வேளைச் சாப்பாட்டை ஜெயித்து என்ன புண்ணியம்? வேறொரு வாயை அவர் நம்புவாரா என்பதுதான் இனிக் கேள்வி.

விடிகாலையில் அவர் கிளம்பியபோது அவளைக் கூப்பிடவில்லை. அவளே எழுந்து, கறிக்கடை ஏப்ரனைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டு, தெருவின் மறுகோடிக்கு நடந்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த நேரத்தில் அந்தக் கடைக்குள் அவள் நுழைந்ததே இல்லை. உள்ளே ஒரே வெக்கை. மூலையில் பிசையும் இயந்திரம் அடுத்த மாவைச் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் அவளைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் ஓவன் கதவைத் திறந்து முதல் தட்டை இழுத்து வெளியே வைத்தார்.

அவர் கை தன்னால் தட்டுக்குப் போய்விட்டது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே போய் ஒரு ரொட்டியை எடுத்து உடைத்து, ஆவி பறக்க, ஒரு துண்டை வாய்க்கு நேரே கொண்டு வந்தது. அங்கே நின்றது. அவர் அதைக் கஷ்டப்பட்டு நிறுத்துவது தோளில் தெரிந்தது. பிறகு மற்ற பாதியை அவளிடம் நீட்டினார்.

அவள் ஓரத்திலிருந்து ஒரு சிறு துண்டைக் கிள்ளி வாயில் போட்டு மென்றாள்.

"சொல்லு."

"நல்லா இருக்கு."

"அது ரொட்டி வாங்கறவங்க சொல்றது. உப்பு?"

அவள் இன்னொரு துண்டைக் கிள்ளி மெதுவாக மென்றாள். சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டால் எல்லாம் சுலபமாக முடிந்துவிடும், அவரும் நிம்மதியாக இருப்பார். ஆனால் அவள் அப்படிப்பட்டவள் இல்லை. இன்றைக்குப் பொய் சொன்னால் நாளைக்கு அவளுடைய வாய் எதற்கு?

"கம்மி" என்றாள். "ரொம்ப இல்ல. ஆனா கம்மி."

"கம்மியா? நான் போட்ட உப்பு."

"கம்மிதான்."

அவர் கையிலிருந்த பாதியைப் பார்த்தார். அது இன்னும் சூடாக, வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருந்தது. ஒரு கடி கடித்தால் போதும், அவள் சொன்னது சரியா தப்பா என்று தெரிந்துவிடும். எந்த நாளும் வாயை மூடாத கத்தியக்கா அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு நின்றாள். கடிக்காதீங்க என்று சொல்லவில்லை. சொன்னால் அது அவளுடைய கட்டளையாகிவிடும், அவருடைய நம்பிக்கை ஆகாது.

அவர் அந்தப் பாதியைத் தட்டில் வைத்தார்.

இயந்திரத்தின் பக்கம் போனார். உப்பு ஜாடியைத் திறந்து உள்ளே கையை விட்டார். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சந்தோஷத்தில்தான், வேறு எதனாலும் இல்லை. ஏப்ரன் முனையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அவர் திரும்பி, உப்பு இருந்த உள்ளங்கையை அவள் பக்கம் நீட்டிக் காட்டினார்.

"இவ்வளவு போதுமா?" என்று கேட்டார்.

"இன்னும் கொஞ்சம்" என்றாள் அவள்.